சிறார் வயதில் வழக்கு இருந்தவர் மலேசியாவில் துப்பாக்கி உரிமத்திற்கு விண்ணப்பிப்பது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

மலேசியாவில் துப்பாக்கி வைத்திருப்பது எவருக்கும் உரிமையாக வாய்ப்பதில்லை. 1960-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உரிமமோ பெர்மிட்டோ இல்லாதவர் ஒரு தோட்டாவைக்கூட வீட்டில் வைத்திருக்க முடியாது. அந்த உரிமத்தைத் தருவதும் மறுப்பதும் அந்தந்த மாநிலப் போலீஸ் தலைவரின் முடிவைப் பொறுத்தது. கோலாலம்பூரில் வசிப்பவருக்கு அது ஜாலான் ஹங் துவாவில் உள்ள கோலாலம்பூர் போலீஸ் தலைமையகம்; பினாங்கில் வசிப்பவருக்கு ஜாலான் பினாங்கில் உள்ள மாநிலப் போலீஸ் தலைமையகம். எனவே, "பதினாறு வயதில் என் மீது ஒரு வழக்கு இருந்தது, நான் விண்ணப்பிக்கலாமா?" என்ற கேள்விக்கு விடை, விண்ணப்பிக்கலாம் என்பதே. ஆனால், கிடைக்குமா என்பது பழைய வழக்கு இருக்கிறதா இல்லையா என்பதைவிட, அந்த வழக்கைப் பற்றி நீங்கள் எவ்வளவு சரியாகத் தெரிந்து வைத்திருக்கிறீர்கள், அதை எப்படி எடுத்துரைக்கிறீர்கள் என்பதையும், துப்பாக்கி உங்களுக்கு உண்மையிலேயே எதற்காகத் தேவைப்படுகிறது என்பதையும் பொறுத்திருக்கிறது.

இணையத்தில் இது குறித்துத் தேடினால் கிடைப்பவற்றுள் பெரும்பாலானவை அமெரிக்காவைப் பற்றியவை. அங்கே பல மாநிலங்களில் சிறார் வழக்குப் பதிவுகளை மூடி முத்திரையிடவும் அழிக்கவும் தனி நடைமுறைகள் உள்ளன. அவற்றைப் படித்துவிட்டு, "பதினெட்டு வயது ஆனதும் எல்லாம் தானாக அழிந்துவிடும்" என்று நம் இளைஞர்கள் பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அந்த நம்பிக்கையை மலேசிய விண்ணப்பப் படிவத்துக்குள் கொண்டுவரக் கூடாது. அமெரிக்காவிலேயே 2022-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட கூட்டரசுச் சட்டத்திற்குப் பிறகு, 21 வயதுக்குக் குறைந்தவர் துப்பாக்கி வாங்கும்போது அவருடைய சிறார் பதிவுகளும் சரிபார்க்கப்படுகின்றன.

முதல் படி: எதற்காகத் துப்பாக்கி?

பழைய வழக்கைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன் இந்தக் கேள்விக்கு விடை தேட வேண்டும். தற்காப்பு, பயிர்ப் பாதுகாப்பு, வேட்டை, விளையாட்டு, பாதுகாவலர் பணி ஆகியவையே பொதுவாக முன்வைக்கப்படும் காரணங்கள். கோலாலம்பூர் மஸ்ஜிட் இந்தியாவிலோ பினாங்கு ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவிலோ நகைக்கடை நடத்துபவர், நாணய மாற்று வணிகர், செபராங் பிறை பக்கம் காட்டுப்பன்றித் தொல்லைக்கு ஆளாகும் சிறு தோட்டக்காரர், குறி பார்த்துச் சுடும் விளையாட்டில் ஈடுபட்டவர் என ஒவ்வொருவரும் காட்ட வேண்டிய ஆதாரம் வேறு. பயிர்ப் பாதுகாப்புக்கும் வேட்டைக்கும் பொருந்துவது நீளத் துப்பாக்கியே தவிர கைத்துப்பாக்கி அன்று. தோட்டத்தின் பெயரில் கைத்துப்பாக்கி கேட்பவர் முதல் வரியிலேயே ஐயத்தை எழுப்பிவிடுகிறார். வேட்டையாடுவோர் 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வனவிலங்குத் துறையின் அனுமதியையும் தனியாகப் பெற வேண்டும்.

தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி கேட்பவருக்கு என் வெளிப்படையான கருத்து இது: "பயமாக இருக்கிறது" என்பது காரணம் ஆகாது. கொள்ளை முயற்சி நடந்திருந்தால் அதற்கான போலீஸ் புகார், கடையில் புழங்கும் பணத்தையும் தங்கத்தையும் காட்டும் கணக்குகள், நிறுவனப் பதிவு ஆவணம், ஏற்கெனவே செய்துள்ள பாதுகாப்பு ஏற்பாடுகள் ஆகியவற்றோடு, பணத்தையும் நகையையும் எடுத்துச் செல்வதற்கு உரிமம் பெற்ற பாதுகாப்பு நிறுவனத்தை அமர்த்துவது ஏன் போதாது என்ற கேள்விக்கும் விடை இருக்க வேண்டும். அந்தக் கடைசிக் கேள்விக்கு நியாயமான விடை கிடைக்காவிட்டால், துப்பாக்கியை மறந்துவிட்டு அந்த நிறுவனத்தையே அமர்த்துவது நல்லது. பழைய வழக்கைக் கிளற வேண்டிய தேவையும் எழாது. விளையாட்டில் நாட்டம் உள்ளவர், பதிவு பெற்ற துப்பாக்கிச் சுடும் சங்கத்தில் சேர்ந்து, சங்கத்தின் ஆயுதத்தைப் பயிற்றுநரின் மேற்பார்வையில் கையாண்டு பழகி, சில காலம் தொடர்ந்து பங்கேற்ற பின்னரே சொந்த உரிமத்தைப் பற்றி யோசிப்பது முறை. சிறார் வழக்கு இருந்தவருக்கு இந்த வழியில் ஒரு கூடுதல் நன்மை உண்டு: அவருடைய இன்றைய நடத்தைக்குச் சாட்சி சொல்ல ஒரு நிறுவனம் கிடைக்கிறது.

உரிமம் கிடைக்கும் வரை எதையும் கையில் வைத்திருக்கலாகாது என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். உரிமமின்றி ஆயுதம் வைத்திருந்தால் ஆயுதச் சட்டத்தின் 8-ஆவது பிரிவின்படி ஏழாண்டு வரை சிறையோ, 10,000 ரிங்கிட் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். 1971-ஆம் ஆண்டின் சுடும் ஆயுதங்கள் (கூடுதல் தண்டனை) சட்டத்தின் கீழ் வழக்குத் தொடுக்கப்பட்டால் பதினான்கு ஆண்டு வரை சிறையும் குறைந்தது ஆறு பிரம்படியும் உண்டு. விளையாட்டுப் பொருள் என்று இணையத்தில் விற்கப்படும் போலித் துப்பாக்கிகளும் தப்பவில்லை. அவற்றை வைத்திருப்பது அதே ஆயுதச் சட்டத்தின் 36-ஆவது பிரிவில் தனிக் குற்றம். காற்றுத் துப்பாக்கியும் சட்டத்தின் பார்வையில் ஆயுதமே.

இரண்டாம் படி: பழைய வழக்கு எப்படி முடிந்தது என்பதைத் துல்லியமாக அறிவது

இந்த வழிகாட்டியில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். வழக்கில் சிக்கியபோது உங்களுக்கு வயது பதினைந்தோ பதினாறோ. நீதிமன்றத்தில் மலாய் மொழியில் என்ன சொல்லப்பட்டது என்பது உங்களுக்கும் புரிந்திருக்காது, பக்கத்தில் நின்ற அப்பாவுக்கும் முழுமையாகப் புரிந்திருக்காது. "கேஸ் தள்ளுபடி ஆயிடுச்சு", "ஜெயிலுக்குப் போயிட்டு வந்தான்" என்று குடும்பத்தில் வழங்கிவந்த வார்த்தைகளே நினைவில் தங்கியிருக்கும். உண்மையில் நடந்தது பெரும்பாலும் அவை இரண்டுமல்லாத வேறொன்று.

2001-ஆம் ஆண்டின் சிறார் சட்டம் 2002 ஆகஸ்ட் மாதம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் நடந்த வழக்குகள் 1947-ஆம் ஆண்டின் சிறார் நீதிமன்றச் சட்டத்தின் கீழ் வந்தவை. இன்றைய சட்டப்படி 18 வயதுக்குக் குறைந்தவர் சிறார். பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளை செய்த செயலைத் தண்டனைச் சட்டத்தின் 82-ஆவது பிரிவு குற்றமாகவே கருதுவதில்லை. சிறார் நீதிமன்றத்தில் ஒரு மாஜிஸ்திரேட்டும், அவருக்குத் துணையாக இரண்டு ஆலோசகர்களும் அமர்வார்கள். அந்த இருவருள் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். மரண தண்டனைக்குரிய குற்றங்களைத் தவிர மற்றவற்றை இந்த நீதிமன்றமே விசாரிக்கலாம். ஆனால், பெரியவர் ஒருவரோடு சேர்த்துக் குற்றம் சாட்டப்பட்டிருந்தாலோ, குற்றம் நடந்தபோது சிறுவராக இருந்து, 18 வயது கடந்த பிறகு குற்றம் சாட்டப்பட்டிருந்தாலோ, வழக்கு சாதாரண நீதிமன்றத்தில் நடந்திருக்கும். அத்தகையவர் "என்னுடையது சிறார் வழக்கு" என்று பொதுவாகச் சொல்லிவிடக் கூடாது.

வழக்கு முடிந்திருக்கக்கூடிய விதங்களை வரிசையாகப் பாருங்கள். போலீஸ் பிடித்து, வாக்குமூலம் வாங்கி, போலீஸ் ஜாமீனில் விட்டு, அதன் பிறகு நீதிமன்றத்திற்கே போகாமல் நின்றுபோயிருக்கலாம். நீதிமன்றம் போய், நிரபராதி என முழு விடுதலை கிடைத்திருக்கலாம். அல்லது, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 254-ஆவது பிரிவின்படி, முழு விடுதலைக்கு ஈடாகாத விடுவிப்பு, அதாவது பேச்சில் நாம் டிஎன்ஏஏ என்று சொல்வது, கிடைத்திருக்கலாம். இதில் அரசுத் தரப்பு மீண்டும் குற்றம் சாட்டுவதற்கு வழி திறந்தே இருப்பதால், "தள்ளுபடி" என்று இதைச் சொல்வது தவறு. குற்றம் நிரூபணமாகியிருந்தால், கண்டித்து விடுவித்தல், நன்னடத்தைப் பிணைப் பத்திரம், உறவினர் அல்லது தகுதியான ஒருவரின் பராமரிப்பில் ஒப்படைத்தல், அபராதம் அல்லது இழப்பீடு, நன்னடத்தைக் கண்காணிப்பு ஆணை, அங்கீகரிக்கப்பட்ட பள்ளிக்கோ ஹென்றி கர்னி பள்ளிக்கோ அனுப்புதல், பதினான்கு வயதைக் கடந்தவராயின் சிறை எனப் பல ஆணைகளில் ஒன்று பிறப்பிக்கப்பட்டிருக்கும். 2016-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பிறகு சமூகச் சேவை ஆணையும் இதில் சேர்ந்தது.

அங்கீகரிக்கப்பட்ட பள்ளிகளான, சுங்கை பெசி போன்ற இடங்களில் உள்ள துனாஸ் பக்தி பள்ளிகளைச் சமூக நலத்துறை நடத்துகிறது. மலாக்கா தெலுக் மாஸில் உள்ள ஹென்றி கர்னி பள்ளியைச் சிறைத்துறை நடத்துகிறது. இவ்விரண்டையும் வீட்டில் "ஜெயில்" என்றே சொல்லியிருப்பார்கள். விண்ணப்பத்தில் அப்படி எழுதினால் உங்கள் மீது நீங்களே இல்லாத சுமையை ஏற்றிக்கொள்கிறீர்கள். மாறாக, அதை வெறும் "பள்ளி" என்று எழுதினால் மறைத்ததாகிறது. ஆணையில் உள்ள பெயரை அப்படியே எழுத வேண்டும்.

எந்தப் பிரிவின் கீழ்க் குற்றம் சாட்டப்பட்டது என்பதும் அதே அளவு முக்கியம். தண்டனைச் சட்டத்தின் 379ஏ பிரிவின் கீழ் வந்த மோட்டார் சைக்கிள் திருட்டு ஒரு வகை. பள்ளி வாசலில் இரு கும்பல்கள் மோதியதற்காக 147 அல்லது 148-ஆவது பிரிவின் கீழ் வந்த கலவர வழக்கு இன்னொரு வகை; இதில் 148 என்பது ஆயுதத்தோடு கூடிய கலவரம். பாராங் கத்தியோடு பொது இடத்தில் பிடிபட்டு, அபாயகரமான ஆயுதங்கள் குறித்த 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வழக்கு வந்திருந்தால் அது மூன்றாவது வகை. ஆயுத உரிமத்தைப் பரிசீலிக்கும் அதிகாரியின் இடத்தில் என்னை வைத்துப் பார்த்தால், முதல் வகையைப் பல ஆண்டுகள் கடந்த பிறகு பொறுத்துப் பார்ப்பேன். மற்ற இரண்டிலும் நிறையக் கேள்விகள் கேட்பேன். உள்துறை அமைச்சு 2013 ஆகஸ்டில் 49 கும்பல்களைச் சட்டவிரோத அமைப்புகளாகப் பெயரிட்டு அறிவித்தது. அவற்றுள் ஒன்றோடு, எண்ணைச் சொன்னாலே நம் வட்டாரங்களில் புரிந்துவிடும் அந்தக் கும்பல்களோடு, உங்கள் வழக்கு தொடர்புபடுத்தப்பட்டிருந்தால், வழக்கறிஞர் இல்லாமல் விண்ணப்பிக்க வேண்டாம் என்பதே என் அறிவுரை. 1959-ஆம் ஆண்டின் குற்றத் தடுப்புச் சட்டத்தின் கீழ் தடுத்து வைக்கப்பட்டவர் நிலையும் இதுவே; அது நீதிமன்றத் தீர்ப்பு அன்று என்பதால் வழக்கே இல்லை என்று பொருளாகிவிடாது.

துப்பாக்கியும் சிறாரும் சேர்ந்த வழக்கு என்றால் பினாங்குக்கு ஒரு கசப்பான வரலாறு உண்டு. 1977-இல், கைத்துப்பாக்கியும் தோட்டாக்களும் வைத்திருந்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட 14 வயதுச் சிறுவனுக்குப் பினாங்கு உயர்நீதிமன்றம் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மரண தண்டனை விதித்தது. பாதுகாப்பு வழக்குகளுக்கான அன்றைய சிறப்பு விதிகள், சிறாருக்குரிய பாதுகாப்பை அவனுக்குத் தரவில்லை. பெரும் எதிர்ப்பு எழுந்தது. வழக்கறிஞர் மன்றம் அந்த விதிகளின்படி நடக்கும் வழக்குகளில் வாதாட வேண்டாம் என்று தன் உறுப்பினர்களுக்கு அறிவுறுத்தியது. கருணை மனுவில் அவன் உயிர் தப்பினான். உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் 2012-இல் நீக்கப்பட்டுவிட்டது. இன்று சிறாருக்கு மரண தண்டனை விதிப்பதற்குச் சிறார் சட்டம் இடமளிப்பதில்லை. ஆனாலும் ஆயுதம் தொடர்பான சிறார் வழக்கை இந்த நாட்டு அதிகாரிகள் ஏன் இலேசாக எடுத்துக்கொள்வதில்லை என்பதற்கு இந்த வரலாறு ஒரு விளக்கம்.

மூன்றாம் படி: ஆவணங்களைத் திரட்டுவது

வழக்கு நடந்த இடத்தின் நீதிமன்றப் பதிவாளர் அலுவலகத்தில் தொடங்குங்கள். கோலாலம்பூர் வழக்குகளுக்கு ஜாலான் டூத்தா நீதிமன்ற வளாகம். பினாங்குத் தீவு வழக்குகளுக்கு லைட் ஸ்ட்ரீட்டில் உள்ள நீதிமன்றம். பெருநிலப் பகுதியாயின் பட்டர்வொர்த் அல்லது புக்கிட் மெர்தாஜாம். இப்போது கோலாலம்பூரில் வசித்தாலும் வழக்கு பட்டர்வொர்த்தில் நடந்திருந்தால் அங்கேதான் போக வேண்டும். சிறார் வழக்கின் கோப்பு எவரும் கேட்டவுடன் பார்க்கக்கூடியது அன்று. எனவே அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், நினைவில் உள்ள ஆண்டு, வழக்கு எண் இருந்தால் அது, எதற்காகக் கேட்கிறீர்கள் என்று விளக்கும் கடிதம் ஆகியவற்றோடு செல்லுங்கள். வழக்கு எண் தெரியாவிட்டால், அன்று கொடுக்கப்பட்ட ஜாமீன் தாளையோ குற்றச்சாட்டுத் தாளையோ வீட்டில் தேடிப் பாருங்கள். அம்மாவின் அலமாரியில், பிறப்புச் சான்றிதழ்களோடு சேர்த்து வைத்திருப்பார். உங்களுக்குத் தேவை ஆணையின் சான்றளிக்கப்பட்ட நகல். அலுவலக முத்திரை இல்லாத ஒளிநகல் போதாது.

அடுத்து, ஆணை நிறைவேறியது என்பதற்கான சான்று. நன்னடத்தைக் கண்காணிப்பில் இருந்தவர், மாவட்டச் சமூக நல அலுவலகத்திற்கு எழுதி, கண்காணிப்புக் காலம் முடிந்ததை உறுதிப்படுத்தும் கடிதம் கேட்கலாம். பள்ளியில் இருந்தவர் அந்தப் பள்ளியிடமிருந்து விடுவிப்புக் கடிதம் பெற வேண்டும்; அங்கே தொழிற்பயிற்சி முடித்த சான்றிதழ் இருந்தால் அதையும் சேர்க்கலாம். அபராதம் கட்டியவர் இரசீதைத் தேட வேண்டும். இவை எதுவும் கிடைக்காவிட்டால், கேட்டு எழுதிய கடிதத்தின் நகலையும் கிடைத்த பதிலையும் இணைப்பது, ஒன்றுமே இல்லாமல் போவதைவிட மேல்.

இந்தக் கட்டத்தில் சட்ட உதவி வேண்டுமென்றால், சட்ட உதவித் துறையையோ வழக்கறிஞர் மன்றத்தின் கோலாலம்பூர், பினாங்கு சட்ட உதவி மையங்களையோ அணுகலாம். தேசிய சட்ட உதவி அறவாரியம் 2012 முதல் குற்றவியல் வழக்குகளில் இலவச உதவி அளித்துவந்தாலும், அது நடப்பு வழக்குகளுக்கானது; உரிம விண்ணப்பத்திற்கு அதை எதிர்பார்க்க வேண்டாம். வாட்ஸ்அப்பில் "பழைய ரெக்கார்டை கிளியர் செய்து தருகிறோம்" என்று வரும் செய்திகளுக்குப் பதில் போடாதீர்கள். பணம் போவதோடு நிற்காது. போலீஸ் பதிவைக் கையூட்டுக் கொடுத்து மாற்ற முயன்றவர் என்ற புதிய வழக்கு ஒன்று, இந்த முறை பெரியவர் நீதிமன்றத்தில், உங்களுக்காகக் காத்திருக்கும்.

நான்காம் படி: கேள்விக்கு விடை எழுதுவது

"நீங்கள் இதற்கு முன் ஏதேனும் குற்றத்திற்காகத் தண்டிக்கப்பட்டிருக்கிறீர்களா?" என்ற வகையிலான கேள்வி எந்த வடிவிலாவது வரும். சிறார் நீதிமன்றத்தில் நடந்தவற்றுக்குப் பெரியவர்களின் வழக்கில் வழங்கும் "தண்டனைத் தீர்ப்பு" என்ற சொல்லைப் பயன்படுத்துவதில்லை. குற்றம் செய்தவராகக் காணப்பட்டார் என்றும், அதன் மீது ஆணை பிறப்பிக்கப்பட்டது என்றுமே சொல்லப்படும். இந்த வேறுபாட்டைக் கேள்விப்பட்ட சிலர், அதைப் பிடித்துக்கொண்டு "இல்லை" என்று எழுதத் துணிகிறார்கள். வழக்கறிஞர் ஒருவர் உங்கள் ஆணையைப் படித்துவிட்டு எழுத்து மூலமாக அப்படி அறிவுறுத்தினால் அது வேறு. தானாக எடுக்கும் முடிவாக இது மிக மோசமானது. கேள்வி, தண்டிக்கப்பட்டீர்களா என்று மட்டும் கேட்கிறதா, கைது செய்யப்பட்டீர்களா, குற்றம் சாட்டப்பட்டீர்களா என்றும் கேட்கிறதா என்பதை ஒவ்வொரு சொல்லாகப் படியுங்கள். கைதாகி ஜாமீனில் வந்து வழக்கே இல்லாமல் போனவரும் கைது செய்யப்பட்டீர்களா என்ற கேள்விக்கு "ஆம்" என்றுதான் எழுத வேண்டும்.

சிறார் சட்டத்தின் 15-ஆவது பிரிவு, வழக்கில் சம்பந்தப்பட்ட சிறாரின் பெயர், முகவரி, பள்ளி, படம் ஆகியவற்றை ஊடகங்கள் வெளியிடுவதைத் தடை செய்கிறது. அந்தத் தடை உங்களை ஊர் வாயிலிருந்து காப்பதற்கானது. உங்களைக் கைது செய்து, விரல் ரேகை எடுத்து, வழக்கை நடத்திய அதே போலீஸ் துறையிடமிருந்து அதை மறைப்பதற்கானது அன்று. உரிமம் கேட்பதோ அந்தத் துறையிடம். ஆகவே, இந்த விண்ணப்பத்தில் மறைப்பது என்பது அடிப்படையிலேயே பொருளற்ற முயற்சி. அரசு ஊழியரிடம் தெரிந்தே பொய்த் தகவல் தருவது தண்டனைச் சட்டத்தின் 177, 182-ஆவது பிரிவுகளின் கீழ்க் குற்றம். சத்தியப் பிரமாண ஆணையர் முன் கையெழுத்திட்ட உறுதிமொழியில் பொய் சொல்வது அதைவிடக் கனமானது. சிறுவனாக இருந்தபோது செய்த ஒன்று, பெரியவனாக எழுதிய ஒரு வரியால் புதிய குற்றமாக மாறுவதற்கு இதைவிட எளிய வழி இல்லை.

படிவத்தில் போதிய இடம் இல்லாவிட்டால் "இணைப்பைப் பார்க்கவும்" என்று எழுதி, ஒரு பக்க விளக்கக் கடிதத்தை இணைக்கலாம். கடிதம் மலாய் மொழியில் இருக்கட்டும். முதல் பத்தியில் குற்றம் நடந்த தேதி, அப்போது உங்கள் வயது, நீதிமன்றம், வழக்கு எண், பிரிவு, ஆணை, அது நிறைவேறிய நாள் ஆகியவை மட்டும் இருக்க வேண்டும். இங்கே ஒரு பெயரடை கூட வேண்டாம். இரண்டாம் பத்தியில் என்ன செய்தீர்கள் என்பதை நேராகச் சொல்லுங்கள். "கூடா நட்பு", "அறியா வயது" ஆகிய இரண்டும் எல்லாக் கடிதங்களிலும் வருபவை. படிக்கும் அதிகாரிக்கு அவை எதையும் சொல்வதில்லை. "நண்பன் ஓட்டிவந்த மோட்டார் சைக்கிள் திருடப்பட்டது என்று தெரிந்தும் அதில் ஏறிப் போனேன்" என்பது சொல்கிறது. மூன்றாம் பத்தியில் அதற்குப் பிறகு நடந்தவை: எந்த ஆண்டில் எஸ்பிஎம் எனும் பள்ளி இறுதித் தேர்வை எழுதினீர்கள், எங்கே எவ்வளவு காலம் வேலை செய்தீர்கள், திருமணம், தொழில், வேறு வழக்கு எதுவும் இல்லை என்பது. அந்தக் கடைசி வாக்கியத்தை எழுதுவதற்கு முன், கட்டாத சாலைக் குற்ற அபராதங்களையும் நீதிமன்றப் பிடியாணை ஏதும் நிலுவையில் இருக்கிறதா என்பதையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கோயில் தலைவரிடமோ அரசியல் கட்சிக் கிளைத் தலைவரிடமோ நற்சான்றுக் கடிதம் வாங்கி அடுக்குவது நம்மிடையே உள்ள வழக்கம். உங்களைப் பல ஆண்டுகள் வேலைக்கு வைத்திருந்த முதலாளியோ, உங்கள் கையில் துப்பாக்கியைப் பார்த்த பயிற்றுநரோ எழுதிய ஒரு கடிதம் அவை அனைத்தையும்விடப் பயன்படும்.

ஐந்தாம் படி: ஒப்படைப்பும் நேர்காணலும்

நீங்கள் வசிக்கும் வட்டாரத்தின் மாவட்டப் போலீஸ் தலைமையகத்தில், கோலாலம்பூரில் செந்தூல், பிரிக்பீல்ட்ஸ், சேராஸ் போன்றவற்றிலோ, பினாங்கில் தீமோர் லாவுட், பாராட் டாயா, செபராங் பிறை மாவட்டங்களிலோ, உரிமப் பிரிவை அணுகி நடப்பிலுள்ள படிவங்களையும் இணைப்புப் பட்டியலையும் கேட்டுப் பெறுங்கள். இணையத்தில் சுற்றும் பழைய பட்டியலை நம்ப வேண்டாம். மாவட்டத்தில் விசாரணை நடந்து, பரிந்துரையோடு கோப்பு மாநிலத் தலைமையகத்திற்குப் போகும்.

ஆயுதம் எங்கே வைக்கப்படும் என்பதும் விசாரிக்கப்படும். சுவரிலோ தரையிலோ பொருத்தப்பட்ட இரும்புப் பெட்டகம், சாவி யாரிடம் இருக்கும் என்ற தெளிவு, வீட்டில் வேறு யார் வசிக்கிறார்கள் என்ற விவரம் ஆகியவை ஆயத்தமாக இருக்கட்டும். அறைகளை வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டிலோ, உறவினர் கூட்டமாக வந்து தங்கும் அடுக்குமாடி வீட்டிலோ இருப்பவர் இந்தக் கேள்வியில் தடுமாறுவார். பழைய வழக்கில் உடன் குற்றம் சாட்டப்பட்டவர் இன்றும் அதே வீட்டில் வசிக்கும் அண்ணனாக இருந்தால், கேட்பதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள்.

நேர்காணலில் அதிகாரியை "டுவான்" (ஐயா) அல்லது "புவான்" (அம்மா) என்று அழைத்து, கேட்டதற்கு மட்டும் விடை சொல்லுங்கள். நீங்கள் பேசுவதும் கடிதத்தில் எழுதியதும் ஒன்றாக இருக்க வேண்டும். தேதிகள் மாறினால்கூட ஐயம் எழும் என்பதால் கடிதத்தின் நகல் ஒன்றைக் கையோடு கொண்டுபோவது நல்லது.

பாதுகாவலர் பணிக்காக ஆயுதம் ஏந்துபவர்

பேச்சில் ஜாகா வேலை என்று நாம் சொல்லும் பாதுகாவலர் பணியில் கணக்கு வேறு. 1971-ஆம் ஆண்டின் தனியார் முகவாண்மைச் சட்டத்தின் கீழ் உள்துறை அமைச்சின் உரிமம் பெற்ற நிறுவனமே ஆயுதத்தின் உரிமையாளர். பாதுகாவலர் அதை ஏந்திப் பயன்படுத்த அனுமதி பெறுபவர். ஆகவே நீங்கள் தனியாக விண்ணப்பிப்பதில்லை. நிறுவனம் உங்கள் விவரங்களைப் போலீஸ் சோதனைக்கு அனுப்பும். 2013-இல் சுபாங் ஜெயாவில் ஒரு வங்கியில் பணியிலிருந்த பாதுகாவலரே அதிகாரியைச் சுட்டுக் கொன்றதும், அவர் போலி அடையாள அட்டையில் வேலைக்குச் சேர்ந்திருந்தது வெளியானதும், இந்தச் சோதனையின் மீது நாட்டின் கவனத்தைத் திருப்பின. நிறுவனத்தின் ஆள்சேர்ப்பு அலுவலர், "அதெல்லாம் எழுத வேண்டாம், வேலை கிடைக்காது" என்று சொன்னால், கையெழுத்து உங்களுடையது என்பதை நினைவில் வையுங்கள். ஆயுதம் ஏந்தாத பணியில் முதலில் சேர்ந்து சில ஆண்டு நற்பெயர் ஈட்டிய பிறகு ஆயுதப் பணிக்கு மாறக் கேட்பது, பழைய வழக்கு உள்ளவருக்குச் சற்று நீளமான, ஆனால் உறுதியான வழி.

மறுக்கப்பட்டால்

மறுப்பை எழுத்து மூலமாகக் கேளுங்கள். கிடைத்த நாளைக் குறித்து வையுங்கள். நிர்வாக முடிவை எதிர்த்து உயர்நீதிமன்றத்தில் சீராய்வு கோருபவர், 2012-ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளின் 53-ஆவது ஆணைப்படி மூன்று மாதங்களுக்குள் மனு செய்ய வேண்டும் என்பதால், வழக்கறிஞரைப் பார்ப்பதைத் தள்ளிப்போட முடியாது. ஆயினும் நீதிமன்றம் பார்ப்பது முடிவெடுத்த முறையையே. உங்களுக்குத் துப்பாக்கி தகுமா என்பதைப் போலீஸ் தலைவருக்குப் பதிலாக நீதிபதி முடிவு செய்ய மாட்டார். செலவையும் கணக்கில் எடுத்துக்கொண்டால், காரணத்தை வலுப்படுத்திப் பின்னர் மீண்டும் விண்ணப்பிப்பதே பலருக்கும் பொருத்தமாக இருக்கும். மறு விண்ணப்பத்தில் முந்தைய மறுப்பையும் குறிப்பிட வேண்டும். சிறார் வழக்கை மறைக்காதவர் மறுப்பை மறைத்துக் கெட்டுப்போக வேண்டாம்.

கிடைத்த பின்

உரிமம் பெற்ற விற்பனையாளரிடம் மட்டுமே ஆயுதத்தையும் தோட்டாவையும் வாங்க வேண்டும். உரிமத்தில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் தோட்டா இருந்தால் அது உரிமமில்லாத தோட்டா. ஆண்டுதோறும் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும், வீடு மாறினால் தெரிவிக்க வேண்டும், ஆயுதம் தொலைந்தால் உடனே புகார் செய்ய வேண்டும். புதிதாக ஏதேனும் கைது நேர்ந்தால், அது அற்பமான சண்டையாக இருந்தாலும், உரிமம் மறுபரிசீலனைக்கு உள்ளாகும் என்று எதிர்பார்க்கலாம். அந்த நேரத்தில் பழைய சிறார் வழக்கும் மீண்டும் மேசைக்கு வரும் என்பதால், ஆணையின் சான்றளிக்கப்பட்ட நகலையும் விளக்கக் கடிதத்தையும் தூக்கி எறியாமல் கோப்பில் வைத்திருங்கள். அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்பது மனைவிக்கோ கணவருக்கோ தெரிந்திருக்கட்டும். உரிமம் வைத்திருப்பவர் இறந்துவிட்டால், துப்பாக்கி சொத்துகளோடு சேர்ந்து பிள்ளைகளுக்குத் தானாகப் போகாது. குடும்பத்தினர் அதைப் பயன்படுத்தவோ இடம் மாற்றவோ செய்யாமல், பெட்டகத்தைப் பூட்டியபடியே வைத்து, அருகிலுள்ள போலீஸ் நிலையத்திற்குத் தெரிவித்து ஒப்படைக்க வேண்டும்.